மாதர் எழுச்சி வாரம்

தில்லை மாதர் எழுச்சிச் சங்கத்தின் தலைவர் நடனசபாபதி ஓர் ஆண். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. சங்கம் தொடங்கியபோது, மணமான பெண்கள் கூட்டத்துக்கு வரக் கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று முதல் விதியை எழுதினார்கள். கடிதத்தைக் கொடுக்க வந்த கணவர்கள் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைக் கொண்டே செயற்குழு அமைந்தது. மனைவிமார் வீட்டில் இருந்தார்கள். வீட்டிலும் யாராவது இருக்கத்தானே வேண்டும்?

நடனசபாபதி ஓய்வுபெற்ற தாசில்தார். சிதம்பரம் வடக்கு வீதியில் அவர் வீட்டு முன்கூடமே சங்கத்தின் அலுவலகம். அவர் மனைவி லோகநாயகி உபதலைவி. ஆறு ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்வாகி வந்தாள். கூட்டம் நடக்கும்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாத் தீர்மானங்களையும் ஆதரித்தாள். ஆதரித்ததாகக் குறிப்பேட்டில் இருக்கிறது.

இந்தச் சங்கத்துக்கு அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் ரத்தினம்மாள் வந்தாள்.

பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் அவளுடையது. கூடையில் மீன் சுமந்து சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பாள். கணவன் பொன்னுரங்கம் கடலுக்குப் போவான். போகாத நாளில் அவளை அடிப்பான். இது பதினைந்து வருஷமாக நடந்தது. அவளும் பொறுத்திருந்தாள். அந்தத் தையில் அவன் மகள் குணசுந்தரியைச் சடையப்பனுக்குக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். குணசுந்தரி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சடையப்பனுக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு படகு. அவனுடைய முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்தாள். இரண்டாமவளும் அதே கிணற்றில் விழுந்து செத்தாள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி விசாரித்து, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாததே காரணம் என்று முடிவு செய்தது. பெண்ணைக் கொடுத்தால் ஒரு படகில் பங்கு தருவதாகச் சடையப்பன் சொல்லியிருந்தான்.

"பொண்ணுக்குப் பதிமூணு வயசுதான் ஆவுது. படிக்கட்டும். நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் ரத்தினம்மாள்.

பொன்னுரங்கம் மூலையில் இருந்த துடுப்பை எடுத்தான். தலைக்கு வந்த அடியை அவள் இடது கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகு வந்தது. விழுந்தவளை அவன் இன்னும் நாலு அடி அடித்தான். குறுக்கே வந்த மகளின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு துடுப்பைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ரத்தினம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"ஊட்டுக்குள்ள நடந்துச்சா, ரோட்டுல நடந்துச்சா?" என்று ஏட்டு கேட்டார்.

"ஊட்டுலதாங்க."

"அப்ப எங்க கேசு இல்லம்மா. ரோட்டுல வச்சு அடிச்சிருந்தா பொது அமைதிக்குப் பங்கம்னு எழுதிக்குவேன்."

"அடுத்த தபா ரோட்டுக்கு ஓடியாந்துடறேன்" என்றாள் அவள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. ஏட்டும் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் கஷ்டத்துக்கென்றே வடக்கு வீதியில் ஒரு சங்கம் இருக்கிறது என்று வழிசொல்லி அனுப்பினார்.

சங்கத்தின் செயலாளர் பஞ்சநாதன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஆறு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"அடித்த கருவி. கை, கால், கட்டை, இதர. எது?"

"துடுப்புங்க."

பஞ்சநாதன் பேனாவை நிறுத்தினார். துடுப்பு கட்டையில் சேருமா, இதரவில் சேருமா என்பதில் அவருக்குத் தெளிவில்லை. உள்ளே போய்த் தலைவரைக் கேட்டார். தலைவர் அதைத் துணைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பச் சொன்னார். மற்ற பக்கங்கள் சீக்கிரம் முடிந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"இங்க உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்."

"அடிச்ச ஆளேவா?"

"அவர் சம்மதம் இல்லாம அவர் மேல நீங்க புகார் கொடுத்தா குடும்பம் பிரிஞ்சிடும்மா. இது குடும்பத்தைப் பிரிக்கிற சங்கம் இல்ல."

"அவருக்குக் கையெழுத்து வராதுங்க."

"கைநாட்டு போதும். நீங்க சிரமப்பட வேணாம், நாங்களே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிடறோம்."

வேண்டாம் என்று ரத்தினம்மாள் சொன்னாள். அப்படிச் சொல்வதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஐந்தாம் நாள் தபால் போய்ச் சேர்ந்தது. பொன்னுரங்கம் அதைத் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டான். பொறுமையாக ஆறு பக்கமும் கேட்டான். தன் பெயர் அச்சடித்த தாளில் வந்தது அவனுக்கு அதுவே முதல் தடவை. கைநாட்டை வைத்துக் கொடுத்தனுப்பினான். பிறகு வீட்டுக்குள் போனான். அன்று ரத்தினம்மாளின் இரண்டு முன்பற்கள் போயின. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை.

'சங்கத்தின் கடிதம் கிடைக்கப்பெற்ற கணவர் உடனடியாகச் செயல்பட்டார்' என்று பஞ்சநாதன் குறிப்பேட்டில் எழுதினார்.

ஆறு ஆண்டுகளில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிய முதல் படிவம் அது. நடனசபாபதி மகிழ்ந்துபோனார். ரத்தினம்மாளை வரவழைத்து எதிரே உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைய அடிச்சது போவட்டுங்க" என்றாள். "பொண்ணு கலியாணத்த மட்டும் நிறுத்திக் குடுங்க. அது அங்க போனா செத்துடும்."

"நிறுத்தறதெல்லாம் எதிர்மறையான காரியம். சங்கம் ஆக்கபூர்வமாத்தான் எதையும் செய்யும்" என்றார் தலைவர். "மாசிக் கடைசியில கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துல மாதர் எழுச்சி வாரம் நடத்தறோம். ஜில்லா முழுக்க எல்லாச் சங்கமும் வருது. நீ மேடையில உக்காரணும். உன்னைப் பாத்து ஆயிரம் பொம்பளைங்க எழுச்சி அடைவாங்க."

"பொண்ணு கலியாணம்…"

"எல்லாம் அங்க பேசிக்கலாம்."

பிறகு அவளுடைய கையையும் வாயையும் உற்றுப் பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது. பஞ்சநாதனிடம் திரும்பினார்.

"விழாவுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. இதெல்லாம் ஆறிப்போயிடாதா? போன வருஷம் வேற சங்கத்துக்காரங்க கூட்டியாந்த அம்மாவுக்குத் தலையில பதினெட்டுத் தையல்."

"தலைவரே, நாம வன்முறையை ஊக்குவிக்க முடியாது."

"ஊக்குவிக்க வேணாம்யா. தடுக்காம இருந்தாப் போதும்னு சொல்றேன்."

இதைத் தடுக்காமலிருக்கும் பொறுப்பு பஞ்சநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

காபி குடிக்க ரத்தினம்மாளைச் சமையலறைப் பக்கம் அனுப்பினார்கள். லோகநாயகி டம்ளரை நீட்டியபோது ரவிக்கைக் கைக்குக் கீழே நீளமாக ஒரு தீக்காயம் தெரிந்தது. இரும்புக் கரண்டியைக் காய்ச்சி வைத்ததுபோல இருந்தது.

"இது இன்னாம்மா?"

"அடுப்புல பட்டுடுச்சு."

"எங்க ஊட்டுலயும் அடுப்பு ரொம்ப நாளா அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் ரத்தினம்மாள். "இப்பதான் புருசன்னு சொல்லக் கத்துக்கிட்டேன்."

லோகநாயகி டம்ளரை வாங்கிக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் பஞ்சநாதன் கிராமத்துக்குப் போனார். பொன்னுரங்கம் நண்டு வறுத்துப் போட்டு உபசரித்தான். அவன் முரடன், ஆனால் மந்தமானவன் அல்ல. மேடையில் தனக்கும் ஏதாவது உண்டா என்று கேட்டான். மனம் திருந்திய கணவர் என்ற வகையில் பொன்னாடை போர்த்தலாம் என்று பஞ்சநாதன் சொன்னார். "திருந்திக்கிட்டாப் போச்சு" என்றான் பொன்னுரங்கம். அப்படியே மகள் கல்யாணத்தையும் அந்த மேடையில் முடித்துவிட்டால் பந்தல் செலவு மிச்சம் என்றான்.

நடனசபாபதி இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். புரோகிதர் இல்லை, வரதட்சணை இல்லை. ஏழை மீனவப் பெண்ணுக்கு எழுச்சி வார மேடையில் சீர்திருத்தத் திருமணம். வேறெந்தச் சங்கமும் நினைத்துப் பார்க்காத காரியம். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதுதான் என்று பஞ்சநாதன் ஞாபகப்படுத்தினார். செயற்குழு அவசரமாகக் கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு குணசுந்தரியின் வயதைப் பதினாறாக உயர்த்தும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்பது சங்கத்தின் நெடுநாள் கொள்கை. உபதலைவி கதவுக்குப் பின்னாலிருந்து தீர்மானத்தை ஆதரித்தாள். பெண்ணின் தாய்க்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லாமல் விட்டார்கள்.

விழா நாளன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் தாங்கவில்லை. முன்வரிசை நாற்காலிகளில் கணவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் மணலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒன்பது ஆண்கள், ரத்தினம்மாள், ஒரு ஓரத்தில் பிளாஸ்க்குடன் லோகநாயகி. ரத்தினம்மாளின் மாவுக்கட்டைப் பிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. தலைவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பஞ்சநாதன் அதே கையில் வெள்ளைத் துணி சுற்றி, தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். உதடு மட்டும் அசலாகவே கிழிந்திருந்தது. அது முந்தாநாள் கிழிந்தது.

நடனசபாபதி மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! அதிகாரத்தை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது எடுக்க வேண்டும் என்பதை நாங்கள் தெரிவிப்போம். ஆறு ஆண்டுகளாகப் பெண்களுக்காக நானே பேசி வருகிறேன். இதுவரை ஒரு பெண்கூட என்னை மறுத்துப் பேசியதில்லை. எங்கள் மேல் பெண்ணினம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு இல்லறத்தில், காரணம் இல்லாமல் ஒரு நாளும் நான் என் மனைவி மேல் கைநீட்டியதில்லை. காரணத்தைக்கூடப் பல சமயம் அவளுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். இதைத்தான் நான் சமத்துவம் என்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. லோகநாயகி பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

பொன்னுரங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் இனி துடுப்பைக் கடலில் மட்டுமே பயன்படுத்துவேன் என்று பஞ்சநாதன் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு தலைவர் சீர்திருத்தத் திருமணத்தை அறிவித்தார். சடையப்பன் பட்டுச் சட்டையில் தாலியோடு வந்து நின்றான். பொன்னுரங்கம் தட்டிக்குப் பின்னால் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். பள்ளிக்கூடப் பாவாடைக்கு மேல் மஞ்சள் புடவை சுற்றியிருந்தார்கள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கிராமத்தில் அத்தை வீட்டில் இருப்பதாக ரத்தினம்மாள் நினைத்துக்கொண்டிருந்த மகள் அவள்.

ரத்தினம்மாள் எழுந்து மைக்குக்கு நேராகப் போனாள். நிகழ்ச்சி நிரலில் அவளுடைய பேச்சு இல்லை என்று பஞ்சநாதன் காதோடு சொன்னார். அவர் சொன்னது கேட்காத காதில்.

"இது எம் பொண்ணு. பதிமூணு வயசு" என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். "அந்தாளு ரெண்டு பொண்டாட்டியக் கெணத்துல தள்ளிட்டான். மூணாவதுக்குத் தாலியோட நிக்கறான். இவங்க எல்லாரும்…"

பொன்னுரங்கம் அவள் கன்னத்தில் அறைந்தான். அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை அதை ஓரங்க நாடகம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. "தத்ரூபம்" என்றார் ஒருவர். பொன்னுரங்கம் கைதட்டலைக் கேட்டுப் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான். கொண்டையைப் பிடித்து அவளைக் குனியவைத்து முதுகில் குத்தினான். விழுந்தபின் வயிற்றில் உதைத்தான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும் கைதட்டவில்லை. அவர்களுக்கு அது நாடகம் இல்லை என்று தெரிந்திருந்தது. தலைவரும் தடுக்கவில்லை; நிகழ்ச்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கேட்கிற ஒரு காதால் ரத்தினம்மாள் அந்தக் கைதட்டலைக் கேட்டாள். அடி வாங்கிய பதினைந்து வருஷத்தில் அவளுக்கு அழுகை வந்திருக்கிறது, பயம் வந்திருக்கிறது. அன்று இரண்டும் வரவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் மைக் மாட்டியிருந்த இரும்புத் தண்டு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபின்னும் அவள் அதை விடவில்லை.

முதல் அடி பொன்னுரங்கத்தின் வலது தோளில் விழுந்தது. எலும்பு உடைந்தது. தண்டோடு மைக்கும் இருந்ததால் அது ஒலிபெருக்கியில் இடிபோலக் கேட்டது. இரண்டாவது அடி முழங்காலில். அவன் பொன்னாடையோடு மண்டியிட்டு விழுந்தான். மூன்றாவதாக ஓங்கியபோது சடையப்பன் தாலியோடு மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான்.

முன்வரிசையில் யாரும் கைதட்டவில்லை.

லோகநாயகி பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். நேராகப் போய்க் குணசுந்தரியின் கையைப் பிடித்தாள்.

"லோகா, போய் உக்காரு" என்றார் நடனசபாபதி. அவள் நடந்தாள். அவர் குறுக்கே வந்து அவளுடைய கையைப் பிடித்தார். பிடித்த இடம் தீக்காயம். காய்ந்த தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினாள். மேடை நாலடி உயரம். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு கணவர்கள் மேல் மல்லாக்க விழுந்தார்.

"நான் இத ஆதரிக்கலன்னு எழுதிக்குங்க" என்று பஞ்சநாதனிடம் சொல்லிவிட்டு அவள் பெண்ணோடு படியிறங்கினாள். மணலில் இருந்த பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவர்கள் போனதும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு நிமிஷத்தில் போலீஸ் வந்தது. மைதானம் பொது இடம் என்பதால் வழக்கில் சிக்கல் இல்லை. எந்தக் கருவி என்று யாரும் துணைக்குழுவைக் கேட்கவில்லை. எந்தப் படிவத்துக்கும் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. ரத்தினம்மாளின் கையில் விலங்கு மாட்டினார்கள். தூளியில் தொங்கிய கை என்பதால் துணியை அவிழ்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டியிருந்தது.

கோர்ட்டில் பஞ்சநாதன் சாட்சி சொன்னார். செயற்குழுவின் முன் அனுமதி பெறாமல் ஒரு பெண் எழுச்சி அடைந்துவிட்டதாகவும், இது சங்கத்தின் விதிகளுக்கு விரோதம் என்றும் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போது லோகநாயகி எழுந்து பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொடுத்தாள். அதில் குணசுந்தரியின் வயது பதின்மூன்றாகவே இருந்தது. வயதை உயர்த்திய தீர்மானத்தையும் மாஜிஸ்திரேட் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று பொன்னுரங்கத்துக்கும் சடையப்பனுக்கும் நடனசபாபதிக்கும் சேர்த்துத் தடையுத்தரவு போட்டார். ஆனால் தாலி ஏறாததால் அவர்களுக்குத் தண்டனை இல்லை. தோள் எலும்பு உடைந்ததால் ரத்தினம்மாளுக்கு ஒரு மாதம் ஜெயில்.

"ஒரு மாசம்தான?" என்று அவள் கேட்டாள். "அங்க அடிப்பாங்களா?"

மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

லோகநாயகி வடக்கு வீதிக்குத் திரும்பவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அவள் தங்கை தில்லையம்மாள் வாத்தியாரம்மாவாக இருந்தாள். அந்த வீட்டு மாடியறையில் தங்கினாள். ஐம்பதாவது வயதில், நெசவாளர் கூட்டுறவு ஸ்டோரில் நூல் எடைபோடும் வேலைக்குப் போனாள். குணசுந்தரியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நடனசபாபதி மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் காபித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

சங்கம் ஆண்டறிக்கை வெளியிட்டது. 'இவ்வாண்டு நமது முயற்சியால் மூன்று பெண்கள் விடுதலை பெற்றனர்' என்று அதில் இருந்தது. உபதலைவி பதவிக்குப் பெண் யாரும் முன்வராததால் பஞ்சநாதன் போட்டியின்றித் தேர்வானார்.

ஜெயிலிலிருந்து வந்த ரத்தினம்மாள் கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். முன்பற்கள் இல்லாத வாயால் கூவி விற்றாள். ஆடி மாதம் ஒரு காலை, கூட்டம் நெரியும் நேரத்தில் பொன்னுரங்கம் வந்தான். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் உடம்போடு ஒட்டிவைத்திருந்தான். கடைக்கு நேர் எதிரே நின்றான்.

"கெளம்பு. ஊட்டுக்குப் போலாம்."

அவள் நிமிரவில்லை. கையில் பெரிய கொடுவா மீன் இருந்தது. செதிலைச் சுரண்டிக்கொண்டே, "வரல" என்றாள்.

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நல்லதுதான."

"இப்ப வரியா, இல்ல…"

அவன் இடது கையை ஓங்கினான். ரத்தினம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அரிவாள்மணையை அவள் தொடவில்லை. இரண்டு பக்கமும் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். யாரும் எழவில்லை. வெட்டுகிற சத்தம் மட்டும் நின்றுபோனது. அவன் ஓங்கிய கையோடு அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

கூடையோடு காத்திருந்த ஒரு அம்மாள் அவனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்லு" என்றாள் ரத்தினம்மாள். "யாவாரம் நடக்குது."

அவன் தள்ளி நின்றான்.